இடம் மாறி விழுந்த அடி

ஏழுசுனை மலைப்பாதையில் மூங்கில் வளைவு என்று சொல்லப்படும் இடத்தில் கோகிலவாணி வண்டியோடு சறுக்கி மல்லாக்க விழுந்தபோது, அந்த அடி அவள் முதுகில் விழாமல், மலைக்குக் கீழே சுனையடி ஊர்க் கடைவீதியில், தன் இரும்புக்கடைக்குள் உட்கார்ந்து ஒரு கொத்தனாருக்கு ஆணி நிறுத்துக்கொண்டிருந்த குழந்தைவேலுவின் முதுகில் விழுந்தது. தராசு ஒரு பக்கம் பறக்க, ஆணி ஒரு பக்கம் சிதற, குழந்தைவேலு முகம் குப்புறப் போய் சிமெண்டு மூட்டையின் மேல் கிடந்தார். அவருக்குப் பின்னால் ஆளில்லை. பெயிண்டு டப்பாக்கள் அடுக்கிய சுவர் மட்டும்தான் இருந்தது, டப்பா ஒன்றுகூட அசைந்திருக்கவில்லை. உள்கட்டிலிருந்து ஓடிவந்த அவர் மனைவி சம்பூர்ணம் முதலில் கொத்தனாரைப் பார்த்தாள், அப்புறம் சுவரைப் பார்த்தாள், அப்புறம் புருசனின் சட்டையைத் தூக்கிப் பார்த்தாள். கழுத்துக்குக் கீழிருந்து இடுப்பு வரைக்கும் முதுகு முழுக்கத் தேன்கூட்டு அறை அறையாகச் சிவந்து தடித்திருந்தது, யாரோ ஆமையோட்டை அச்செடுத்து அழுத்திவிட்டுப் போனதுபோல.

அந்த அச்சு எதனுடையது என்று ஊருக்கு விளங்கப் பொழுது சாய வேண்டியிருக்கவில்லை. கோகிலவாணி மலையிறங்கி வந்து டீக்கடையில் வண்டியை நிறுத்தினாள். கூர்ங்கல்லின் மேல் மல்லாக்க விழுந்தும் எறும்பு கடித்த வலிகூட இல்லையே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே முதுகைத் திருப்பி மண்ணைத் தட்டச் சொன்னபோது, சற்று முன்னால்தான் குழந்தைவேலுவுக்கு எண்ணெய் தடவிவிட்டு வந்திருந்த கொத்தனாரின் கண்ணில், அவள் முதுகில் மாட்டியிருந்த கறுப்புக் கவசத்தின் தேன்கூட்டு அறைகள் பட்டன. அவர் டீயைக் கீழே வைத்தார். அதற்கப்புறம் அந்தச் சேதிக்கு யாரும் வண்டி கட்டித் தர வேண்டியிருக்கவில்லை.

சுனையடிக்காரர்கள் ஒரு அடி எப்படி மலையிலிருந்து இறங்கிக் கடைவீதிக்கு வரும் என்று கேட்கவே இல்லை. மழை வருகிறது, காய்ச்சல் வருகிறது, விருந்துக்கு ஒறம்பரை வருகிறது, அதுபோல அடியும் வந்திருக்கிறது, வரட்டும். அவர்கள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: ஊரில் இத்தனை முதுகு இருக்கும்போது அது ஏன் குழந்தைவேலுவின் முதுகுக்கு வர வேண்டும்?

கோகிலவாணி ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்பவள். ஊருக்குள்ளும் மலைமேல் கிராமங்களிலும் வீடு வீடாகப் போய் சர்க்கரைக்கும் சோகைக்கும் ரத்தம் எடுத்து, குளிர்ப்பெட்டியில் வைத்துக் கொண்டுவருவாள். கட்டினவனைக் கரூர்ப் பக்கம் விட்டுவிட்டு வந்து மில் தெருவில் தனியாகக் குடியிருந்தாள். போன வருசம் இதே மலையில் விழுந்து முதுகெலும்பில் கீறல் விட்டு, எழ முடியாமல் படுத்துக் கிடந்து, தேறி வந்ததும் வாங்கி மாட்டியதுதான் அந்த முதுகுக் கவசம். கவசம் என்று அவள்தான் சொல்வாள். ஊர் அதை ஓடு என்றது, அவளை ஆமை என்றது. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள், ரத்தம் எடுக்க அவள் வேண்டும், ஓடு உள்ளே வரக் கூடாது என்று வாசற்படியிலேயே கழற்றி வைக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு வாசலிலும் கழற்றி, ஒவ்வொரு வாசலிலும் மாட்டி, கழற்றி, மாட்டி, ஒரு நாள் இடுப்புப் பட்டையின் கிளிப்பு பல் உடைந்து போயிற்று.

அது சம்பூர்ணத்துக்கு அப்போது தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், புருசன் முதுகில் இன்னொருத்தியின் முதுகு பதிந்திருக்கிறது என்பதுதான்.

‘ஏனுங்க, அவள உங்களுக்கு எப்படித் தெரியும்?’ என்றாள், ஒத்தடம் கொடுத்துக்கொண்டே.

‘எனக்கு அவளத் தெரியவே தெரியாது புள்ள.’

‘தெரியாதவ அடி தெரியாதவங்க முதுகுக்குத் தேடி வருமாக்கும்?’

‘அதப் போய் அந்த அடிகிட்டக் கேளு.’

சம்பூர்ணம் ஒத்தடத் துணியைக் கொஞ்சம் அழுத்தி வைத்தாள். அவர் ஆவென்றார். புருசன் பொய் சொல்லும்போது இடது காதுமடல் சிவக்கும் என்று கல்யாணமான புதிதிலேயே கண்டுவைத்திருந்தவள் அவள். இப்போது முதுகே சிவந்திருந்ததால் காதைப் பார்த்து ஒன்றும் முடிவுகட்ட முடியவில்லை.

மறுவாரம் அவள் கோகிலவாணிக்கு ஆள் விட்டாள், சர்க்கரை பார்க்க வேண்டும், வீட்டுக்கு வரவும் என்று. கோகிலவாணி வந்தாள், வழக்கப்படி ஓட்டை, இடுப்புக் கட்டை அவிழ்க்காமலே உருவி வாசற்படியில் வைத்தாள், கை கழுவப் பின்கட்டுக்குப் போனாள். அவள் தலை மறைந்ததும் சம்பூர்ணம் ஓட்டின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். நினைத்ததைவிட லேசாக இருந்தது. உள்பக்கம் வேர்வை உப்பு பூத்திருந்தது. இடுப்புப் பட்டையில் கிளிப்பு இருக்க வேண்டிய இடத்தில் நீல நைலான் கயிறு. அந்தக் கயிறு அவர்கள் கடைக் கயிறு. ஊரில் எத்தனையோ பேர் வாங்குகிற கயிறுதான், அதில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிச்சு, இரண்டு வளையம் போட்டு வாலை உள்ளே செருகி நுனியைச் சுட்டுவிட்ட அந்த முடிச்சு, குழந்தைவேலு பைப்புக் கட்டுக்குப் போடுகிற முடிச்சு. அதை உலகத்தில் வேறு யாரும் போட்டு அவள் பார்த்ததில்லை.

இந்த முடிச்சைப் போட வேண்டுமானால் அவள் இடுப்புக்குப் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும். கை சுற்றி வந்திருக்க வேண்டும்.

சம்பூர்ணத்தின் விரல்கள் தானாகவே வேலை செய்தன. வாலை உருவினாள், வளையத்தைத் தளர்த்தினாள், புருசனின் முடிச்சை அவிழ்த்துவிட்டு, பார்வைக்குக் கட்டினாற்போலத் தெரிகிற ஒரு உருவாஞ்சுருக்கைப் போட்டு வைத்தாள். அவளைக் கொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. தன் புருசனின் கை அவள் முதுகில் இருக்கக் கூடாது, அவ்வளவுதான். அப்படியே அடி விழுந்தாலும் வேறு யாருக்குப் போகப் போகிறது, போக வேண்டியவருக்குத்தானே போகும், இன்னொரு தடவை போகட்டும் என்றும் ஒரு மூலையில் நினைத்தாள்.

கோகிலவாணி கை கழுவி வந்து, நரம்பைத் தட்டிப் பார்த்து ஊசி போட்டாள். ‘அண்ணனுக்கு இப்பப் பரவால்லீங்களாக்கா? வந்து பாக்கோணும்னு நெனச்சேன், நீங்க என்ன நெனப்பீங்களோன்னு வரலைங்க’ என்றாள். ரத்தம் குழாயில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, ‘அண்ணனா?’ என்று மட்டும் சம்பூர்ணம் கேட்டாள்.

அன்று உச்சிப் பொழுதில் மலையேறும்போது சுருக்கு உருவிக்கொண்டது. இடுப்பில் பிடிப்பு விட்டதும் ஓடு மேலே ஏறி ஹெல்மெட்டின் பின்பக்கத்தை முட்டியது. முட்டிய தலையை அவள் ஒரு கணம் குனிந்து விடுவிக்கப் பார்த்தபோது, குறுக்கே ஓடிய குரங்கைக் கண்டு பிரேக்கை அழுத்தி, திரும்பவும் மல்லாக்க விழுந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அடி கிளம்பிற்று, மலையை விட்டு இறங்கிற்று, கடைவீதியைத் தாண்டிற்று, கடைக்குள் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த குழந்தைவேலுவையும் தாண்டிற்று, அரிசி மில்லுக்குப் பின்னால் தென்னைமரத்தின் உச்சியில் காய் பறித்துக்கொண்டிருந்த மாரப்பனின் முதுகில் போய் விழுந்தது. மாரப்பன் மரத்திலிருந்து மில் வாய்க்கால் சேற்றில் விழுந்தான். உயிர் தப்பியது சேற்றினால். தொடையெலும்பு மட்டும் முறிந்தது.

அவன் முதுகிலும் தேன்கூடு.

அதற்கப்புறம் சுனையடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தவர்கள் யாருமில்லை. டீக்கடை பெஞ்சுகள் எல்லாம் சுவரோரம் நகர்ந்தன. மினிபஸ் டிரைவர் இடுப்பிலிருந்து கழுத்து வரை தலையணையைக் கட்டிக்கொண்டு வண்டி ஓட்டினார். மேஸ்திரிகள் சாரத்தில் ஏற மாட்டோம் என்றார்கள். பெண்கள் பொழுதோட வீடு திரும்புகிற புருசன்மாரின் சட்டையை வாசலிலேயே தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சோறு போட்டார்கள். சும்மா சுளுக்குப் பிடித்தவனும் சுளுக்கு என்று வாய் திறந்து சொல்ல முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தான். சொன்னால், உனக்கும் அவளுக்கும் என்னடா என்பார்கள். ஊர்க்கூட்டத்தில் அந்த ஓட்டைப் பிடுங்கிப் பாழுங்கிணற்றில் போடச் சொன்னார்கள் சிலர். ஓடு இல்லாமல் விழுந்தால் அவள் செத்துப்போவாளே என்றார் ஒருவர். ‘செத்தாச் சாவட்டும்’ என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது. யார் சொன்னது என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், திரும்பியவர்கள் முகத்தையே மற்றவர்கள் பார்த்தார்கள். அவளுக்கு ஓட்டை யாராவது இறுக்கமாகக் கட்டிவிட்டால் என்ன என்று மணியக்காரர் கேட்டார். கட்டிவிட்ட பிறகும் அடி பறந்தால் பழி யார் மேல் என்று மற்றவர்கள் கேட்டார்கள். அதோடு கூட்டம் கலைந்தது.

சம்பூர்ணம் கூட்டத்துக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்கு மாரப்பனைப் பார்க்கப் போயிருந்தாள். கட்டிலோரம் அவன் பெண்டாட்டி பொன்னாயி உட்கார்ந்திருந்தாள். மாரப்பன் தண்ணீர் கேட்டான். பொன்னாயி சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, ‘மொதல்ல சொல்லு, அப்பறம் தண்ணி’ என்றாள். அவன் சொல்வதற்கு ஒன்றுமில்லாமல் உதட்டை நக்கினான். கோகிலவாணி அவனுக்கு ரத்தம்கூட எடுத்ததில்லை.

சம்பூர்ணம் கட்டிலருகே போனாள். ‘பொன்னாயி, அவனுக்குத் தண்ணி குடு. உம்புருசன் ஒண்ணும் பண்ணல. நாந்தேன் அந்தக் கயித்த அவுத்து உட்டேன்.’

பொன்னாயி அவளை மேலும் கீழும் பார்த்தாள். ‘எம்புருசன் யோக்கியம்னு சொல்றதுக்கு நீங்க எதுக்குங்க இத்தன தூரம் வர்றீங்க?’ என்றாள்.

வீட்டுக்கு வந்த சம்பூர்ணம் கடைக்குள் போய்ப் புருசனுக்கு எதிரே நின்றாள். கடைச் சுருளிலிருந்து நீலக் கயிற்றில் ஒரு துண்டை அறுத்து அவர் மடியில் போட்டாள். குழந்தைவேலு கயிற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், காது இரண்டும் சிவந்தன.

‘கிளிப்பு ஒடஞ்சு போச்சு, ஒண்ணு கெடைக்குமான்னு கேட்டு வந்துச்சு. இல்லீன்னேன். நல்ல மழை. ரெயின்கோட்டு போட்டிருந்துச்சு, அது மேலயே வெச்சுக் கட்டி உட்டேன். அவ்ளோதான் புள்ள.’

‘அப்பறம் எதுக்குத் தெரியாதுன்னீங்க?’

‘கட்டிக்கிட்டிருக்கறப்ப நீ உள்ள பாத்திரம் கழுவற சத்தம் கேட்டுச்சு. வந்துருவியோன்னு பயமா இருந்துச்சு. பயப்படறதுக்கு ஒண்ணுமே இல்ல, ஆனா பயந்துட்டேன். பயந்தப்பறம் எப்படிச் சொல்றது?’

சம்பூர்ணம் கயிற்றைத் திரும்ப எடுத்து விரலில் சுற்றினாள். அவர் சொன்னதை நம்பினாளா என்றால், பாதி நம்பினாள். ஆனால் மற்றப் பாதியை யோசித்துக்கொண்டிருக்கும்போதே வேறொன்று அவளுக்குப் பிடிபட்டது. தடித்த ரெயின்கோட்டின் மேல் கட்டின கயிறு, கோட்டைக் கழற்றின நாளில் தொளதொளவென்று கிடந்திருக்கும். அன்றைக்கும் பிடிப்பில்லை, தான் அவிழ்த்துவிட்ட அன்றைக்கும் பிடிப்பில்லை. முதுகோடு ஒட்டாத ஓட்டில் விழுந்த அடிக்குத் தங்க இடமில்லை, அதனால்தான் ஊரைத் தேடி வந்திருக்கிறது. இதற்கு யாருடைய யோக்கியதையும் காரணமில்லை.

புருசன் வெளியூர் போகும்போது கொண்டுபோகிற தோள்பையின் கிளிப்பை அவள் அறுத்தெடுத்தாள். தார்ப்பாய் தைக்கிற ஊசியையும் எடுத்துக்கொண்டு மில் தெருவுக்குப் போனாள்.

கோகிலவாணி கதவைப் பாதிதான் திறந்தாள். சம்பூர்ணம் வாசலில் நின்றபடியே முடிச்சை அவிழ்த்ததைச் சொன்னாள், ஒன்றையும் மறைக்கவில்லை. கேட்டு முடித்த கோகிலவாணி திறந்த பாதியையும் அடைத்துக்கொண்டு நின்றாள்.

‘போயிருங்கக்கா’ என்றாள். ‘அண்ணன் கட்டுனாரு, அவரு மேல போச்சு. நீங்க அவுத்தீங்க, மாரப்பண்ணன் மேல போச்சு. எம்முதுகு எனக்கே தெரியாதுங்க. கண்ணாடில எப்படித் திரும்புனாலும் பாதிதான் தெரியுது. இனி அதத் தொட ஒருத்தரும் வேண்டாம். நாளையிலருந்து அதப் போடாமத்தான் போறேன். எனக்கு விழறது எனக்கே விழட்டும்.’

‘போன தடவ படுத்துக் கெடந்தியே, மறந்து போச்சா?’

‘மறக்குலைங்க.’

‘அப்ப நான் கட்டறேன்.’

‘உங்கள நம்பி எப்படிங்கக்கா திரும்பி நிக்கறது?’

நியாயமான கேள்வி. சந்தேகப்படுவதில் ஊரிலேயே பேர்பெற்ற சம்பூர்ணம், தன்மேல் ஒருத்தி சந்தேகப்பட்டு நிற்பதை அன்றுதான் நேருக்கு நேராகப் பார்த்தாள், பார்த்து, இது எவ்வளவு கனமான சாமான் என்று மலைத்தாள். கடைசியில், ‘நான் கட்டிட்டு உன்ற பின்னாலயே உக்காந்து வர்றேன். எனக்கு ஓடும் இல்ல ஒண்ணும் இல்ல. கழண்டா எங்கண்ணு முன்னாலதான் கழலும், விழுந்தா நானுந்தேன் விழுவேன்’ என்றாள்.

கோகிலவாணி கதவின் மற்றப் பாதியையும் திறந்தாள்.

மறுநாள் காலையில் மில் தெருவே கூடி நின்றது. உதவிக்கு வந்த கூட்டமல்ல, இரண்டு பேரையும் கண்காணிக்க வந்த கூட்டம். சம்பூர்ணம் கோகிலவாணியை மெல்லிய பருத்திச் சட்டை ஒன்றைப் போடவைத்து, அதன் மேல் ஓட்டை வைத்தாள். நடுத்தண்டு முதுகெலும்பின் மேல் நேராக உட்கார வேண்டும் என்று நகர்த்தினாள். கழுத்தெலும்பின் முண்டுக்குக் கீழே மேல்விளிம்பு நிற்கும்படி, இடுப்புக்குக் கீழே கீழ்விளிம்பு இறங்கும்படி தோள்பட்டைகளைச் சரிசெய்தாள். புதிதாகத் தைத்த கிளிப்பை இடுப்பெலும்பின் மேல் பூட்டி இறுக்கினாள்.

‘மூச்ச இழு. உடு. நல்லா இழு. முட்டுதா?’

‘முட்டலீங்க.’

‘வண்டில உக்காரு. ஓட்டறமாதிரி குனி.’

குனிந்ததும் ஓடு மேலே ஏறி ஹெல்மெட்டைத் தொட்டது. ‘பாரு பாரு, வேணும்னேதான் பண்றா’ என்றது கூட்டத்தில் ஒரு குரல். சம்பூர்ணம் காதில் வாங்காமல் தோள்பட்டைகளை மறுபடி தளர்த்தி இடுப்பை மறுபடி இறுக்கினாள், எழச் சொன்னாள், உட்காரச் சொன்னாள், இடமும் வலமும் திரும்பச் சொன்னாள். நிற்கும்போது சரியாக இருப்பது உட்கார்ந்தால் சரியாக இல்லை, உட்கார்ந்தால் சரியாக இருப்பது குனிந்தால் சரியாக இல்லை, எனவே குனிந்த முதுகுக்கே அளவு பார்த்துக் கட்டினாள். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைகிறது, மூன்றாவது நுழையவில்லை. கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்த பொன்னாயி, ‘தள்ளுங்க, நானும் பாக்கோணும்’ என்று தானும் இரண்டு விரலை விட்டுப் பார்த்தாள். அவளை நம்பாத மணியக்காரர் பெண்டாட்டி பார்த்தாள், அவளை நம்பாத மினிபஸ் டிரைவரின் தங்கை பார்த்தாள். இப்படி ஒருத்தியை ஒருத்தி நம்பாமலே தெருவிலிருந்த பெண்கள் அத்தனை பேரும் வரிசையாக வந்து விரல் விட்டுப் பார்த்தார்கள். ‘கூசுதுங்க’ என்று கோகிலவாணி நெளிந்து, எத்தனையோ நாளைக்கப்புறம் சிரித்தாள். அன்றைக்கே, வாசற்படியில் இதைக் கழற்றச் சொன்னால் திரும்ப யார் கட்டுவது என்று யோசித்து, இனி ஓட்டோடு வீட்டுக்குள் வரலாம் என்றும் அவர்களே தீர்மானித்தார்கள். ஆமை வந்து குடி கெடுவது எப்போதோ, அடி வந்து முதுகு கெடுவது இப்போதே அல்லவா.

தினமும் காலையில் இது நடந்தது. தினமும் சம்பூர்ணம் பின்னால் உட்கார்ந்து மலையேறினாள், குளிர்ப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை அந்தக் கிளிப்பை விட்டு எடுக்காமல். மலையை அவள் பார்த்ததே இல்லை, தேன்கூட்டு அறைகளைத்தான் பார்த்தாள்.

மழை விட்ட ஒரு காலையில், அதே மூங்கில் வளைவில், உதிர்ந்து ஊறிக் கிடந்த மூங்கில் சருகில் முன்சக்கரம் வழுக்கியது. சம்பூர்ணம் ஒருக்களித்துத் தாரில் போய்த் தேய்ந்தாள். கோகிலவாணி தூக்கியெறியப்பட்டு, பாதையோரம் தண்ணீர் போகக் கட்டியிருந்த கலுங்குக் கல்லின் விளிம்பில் முதுகு பட விழுந்தாள். டொம்மென்று ஒரு சத்தம் பள்ளத்தாக்கில் இறங்கிப் போயிற்று.

கொஞ்ச நேரத்துக்கு எதுவும் அசையவில்லை. அப்புறம் கோகிலவாணி கால் கட்டைவிரலை அசைத்தாள், கையை அசைத்தாள், மெல்ல உட்கார்ந்தாள். ‘ஆருக்குன்னு கேளுங்கக்கா’ என்றாள், அழுகிற குரலில். ‘சீக்கிரம் கேளுங்க.’

சம்பூர்ணம் புருசனுக்குப் போன் போட்டாள். விழுந்த சேதியைக் கேட்டதும் கடைவீதி அப்படியே நின்றது. ஆண்கள் சட்டையைக் கழற்றினார்கள், பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு ஒருத்திக்கொருத்தி முதுகைப் பார்த்தார்கள், சாரத்திலிருந்து மேஸ்திரிகளை இறக்கிப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியில் மாரப்பனைப் புரட்டிப் பார்த்தார்கள். குழந்தைவேலு திரும்ப அழைத்தார். ‘ஒருத்தர் முதுகுலயும் ஒண்ணுமில்ல புள்ள’ என்றார்.

கோகிலவாணி ஓட்டைக் கழற்றினாள். நடுத்தண்டின் குறுக்கே விரிசல் ஓடியிருந்தது. வந்த அடியை அது தானே வாங்கி வைத்துக்கொண்டிருந்தது. இனி இதைப் போடக் கூடாது, ஒரு பெரிய அடி வாங்கினால் இதன் ஆயுசு அவ்வளவுதான், வேறுதான் வாங்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே அதைக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினாள்.

ஊர் நம்பவில்லை. இவ்வளவு பெரிய அடி ஒரு பிளாஸ்டிக் ஓட்டுக்குள் தங்கிவிட்டது என்றால் யார் நம்புவது? யாரோ வாங்கிக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறார்கள் என்றார்கள். அன்றைக்குச் சட்டையைக் கழற்றாதவர் யார், கழற்றத் தாமதித்தவர் யார் என்று வெகுகாலம் பேசினார்கள். ஆற்றில் குளிக்கப் போனவர்கள் பக்கத்தில் குளிப்பவரின் முதுகை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே குளித்தார்கள்.

குழந்தைவேலுவும் நம்பவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும் சம்பூர்ணத்தை உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தி, ‘எங்கிட்டச் சொல்லு, உனக்குத்தான விழுந்துச்சு? மறைக்கறயா? முதுகக் காட்டு’ என்றார். அவள் திரும்பி நின்று காட்டினாள். விளக்கைப் போட்டும் பார்த்தார், ஜன்னலைத் திறந்தும் பார்த்தார், விரலால் தடவியும் பார்த்தார். முதுகு வெறும் முதுகாக இருந்தது. ஆனால் சேலை முழங்காலில் கிழிந்து ரத்தத்தோடு ஒட்டியிருந்தது, உள்ளங்கையில் தோல் உரிந்து ஜல்லிப் பொடி ஏறியிருந்தது.

அவர் தண்ணீர் கொண்டுவந்து கழுவிவிட்டு மருந்தைத் தொட்டு வைத்தார். அவள் ஸ்ஸென்று காலை இழுத்துக்கொண்டாள், கண்ணில் நீர் முட்டிற்று.

‘வலிக்குதா?’ என்று கேட்டார், இன்னமும் சந்தேகமாக.

‘வலிக்காம என்ன,’ என்றாள் சம்பூர்ணம், ‘நாந்தான விழுந்தேன்.’